தர்மபுரி, கிருஷ்ணகிரியில் முதல் சர்வே: ஒப்புக்குச் சொல்லும் பதிலை அளப்பது எப்படி

பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டு வாசலில் நின்று, "டாய்லெட் கட்டியிருக்கீங்களே, எல்லாரும் உள்ளேதான் போறீங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "ஆமாங்க சார்" என்றுதான் வரும். பின்பக்கம் போய்ப் பார்த்தால் அதே டாய்லெட்டுக்குள் விறகு அடுக்கியிருக்கும். கேட்பவர் முன்னால் மரியாதை குறையக் கூடாது என்று சொல்லும் இந்த மாதிரிப் பதிலைப் பாடப்புத்தகங்கள் சமூக ஏற்புச் சார்பு என்கின்றன. இங்கே சுருக்கமாக ஏற்புச் சார்பு என்றே சொல்கிறேன்.

இந்த இரண்டு மாவட்டங்களில் முதல்முறை களத்துக்குப் போகும் எம்.எஸ்.டபிள்யூ., நர்சிங், பிஎச்.டி. மாணவர்களுக்கும், தொண்டு நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் எழுதியது இது. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சர்வே முடிந்த பிறகு ஏற்புச் சார்பை அளக்க வழியில்லை. ஒரே கேள்வியை இரண்டு விதமாக, குலுக்கலில் பிரித்த இரண்டு குழுவிடம் கேட்டிருந்தால்தான், அல்லது பதிலை நேரில் பார்த்துச் சரிபார்த்திருந்தால்தான், வித்தியாசம் என்று ஒன்று கையில் கிடைக்கும். கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு அளவுகோலை ஒட்டிவிட்டு "சார்பு சோதிக்கப்பட்டது" என்று ஆய்வேட்டில் எழுதுவது பரவலான பழக்கம். வைவாவில் முதலில் உடைவதும் அதுதான்.

1. எந்தக் கேள்விக்கு, எந்தத் திசையில்?

கேள்வித்தாள் முழுவதற்கும் சேர்த்து ஒரு சார்பு எண் கிடையாது. கேள்விக்குக் கேள்வி அது மாறும். கைபேசி எத்தனை என்றால் உண்மை சொல்பவரே, வாரத்தில் எத்தனை நாள் குடிப்பீர்கள் என்றால் மழுப்புவார். அதனால் முதலில் ஒரு கேள்வியை, மிஞ்சினால் இரண்டை, தேர்ந்தெடுங்கள்.

இந்தப் பக்கத்தில் வழக்கமாக மாட்டும் கேள்விகள்: வெளியே ஒதுங்குவது, 18 வயதுக்கு முன் கல்யாணம், குடி, வீட்டுக்காரர் அடிப்பது, வேறு சாதியில் சம்பந்தம் வைப்பதை ஏற்பீர்களா என்பது, ஓட்டுக்குப் பணம் வாங்கியது, வயிற்றில் என்ன குழந்தை என்று ஸ்கேனில் பார்த்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "குறைத்துச் சொல்வார்கள்", "கூட்டிச் சொல்வார்கள்" என்று முன்கூட்டியே எழுதி, தேதி போட்டு வையுங்கள். திசையை முதலில் சொல்லிவிட்டால்தான் பிறகு வரும் வித்தியாசத்துக்கு அர்த்தம். வந்த பிறகு காரணம் கண்டுபிடிப்பது எளிது, யாரும் நம்ப மாட்டார்கள்.

வேறொரு வகைப் பொய்யை இதோடு குழப்பிவிடாதீர்கள். பாரத்தைப் பார்த்ததும் மகளிர் உரிமைத் தொகைக்கோ லோனுக்கோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தால், நிலத்தையும் மாட்டையும் குறைத்துச் சொல்வார்கள். அது நல்ல பெயருக்காகச் சொன்னதல்ல, பலனுக்காகச் சொன்னது. அதற்கு மருந்து வேறு: அறிமுகத்திலேயே "இதனால எந்தத் திட்டத்துலயும் பேர் சேராது, பேர் எடுக்கவும் மாட்டாங்க" என்று சொல்லிவிடுவது.

2. அளக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

அளவுகோல். மார்லோ, கிரௌன் இருவரும் 1960-இல் வெளியிட்ட அளவுகோலில் சரி அல்லது தவறு என்று பதில் சொல்லும் 33 வாக்கியங்கள் உண்டு. ரெனால்ட்ஸ் 1982-இல் அதை 13 ஆகச் சுருக்கினார். பாலஸ் உருவாக்கிய 40 வாக்கிய அளவுகோல், தன்னைத்தானே நம்பவைத்துக்கொள்வதையும் பிறர் முன் வேஷம் போடுவதையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறது. வழிகாட்டிப் பேராசிரியர்கள் முதலில் கைகாட்டுவது இவற்றைத்தான். செலவே இல்லை, ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆனால் இவை அளப்பது ஆளின் குணத்தை. உங்கள் கேள்விக்கு வந்த பதில் எவ்வளவு விலகியது என்பதை இவை காட்டாது. நிஜமாகவே யாரையும் குறை பேசாத ஒரு பாட்டி இதில் அதிக மதிப்பெண் வாங்கி, பொய்க்காரி பட்டியலில் சேர்ந்துவிடுவார். ஹோட்டலில் சாப்பிடும் நாகரிகம் வீட்டிலும் இருக்குமா என்கிற பாணியில் ஒரு வாக்கியம் மூல அளவுகோலிலேயே உண்டு. சித்தேரி மலையில் அதைக் கேட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்? பேராசிரியர் வற்புறுத்தினால் 13 வாக்கியங்களைக் கூடுதலாகச் சேருங்கள், முன்னோட்டத்தில் க்ரான்பாக் ஆல்ஃபா (வாக்கியங்களுக்கு வரும் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண்) பாருங்கள், 0.6-க்குக் கீழே போனால் எடுத்துவிடுங்கள். முக்கிய ஆதாரமாக இதை நம்ப வேண்டாம்.

மூடிய பெட்டி. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பாதிப் பேரிடம் கேள்வியை நேரடியாகக் கேளுங்கள். மீதிப் பாதிப் பேரிடம் அதே கேள்வியை, அதே சொற்களில் படித்துக் காட்டிவிட்டு, பதிலை மட்டும் ஒரு சீட்டில் குறித்துப் பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். சீட்டில் எழுத்து வேண்டாம், பச்சை வட்டமும் சிவப்பு வட்டமும் போதும். ஆமாம் என்றால் பச்சை, இல்லை என்றால் சிவப்பு. படிக்கத் தெரியாதவரும் போடலாம். சீட்டு போடும்போது களப்பணியாளர் முதுகைத் திருப்பி நிற்க வேண்டும். இரண்டு குழுவின் சதவீத வித்தியாசமே உங்கள் சார்பு.

இதில் மூன்று இடத்தில் சறுக்கும். சீட்டில் வரிசை எண் அச்சாகியிருந்தால் பெட்டி இருந்தும் பயனில்லை, யாரும் நம்ப மாட்டார்கள். ஊர், குழு ஆகிய இரண்டுக்குமான குறி மட்டும் இருக்கட்டும். அடுத்து, காலிப் பெட்டியோடு முதல் வீட்டுக்குப் போகாதீர்கள். ஒரே சீட்டு கிடக்கும் பெட்டியில் ரகசியம் ஏது? பத்துப் பதினைந்து சீட்டை முன்பே போட்டு வையுங்கள். அவற்றின் மூலையில் வெட்டு அடையாளம் இருந்தால் எண்ணும்போது பிரித்துவிடலாம். இந்த ஏற்பாட்டையும் எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் எழுதிவிடுங்கள். மூன்றாவது, பெட்டியை ஊர் முடியும்வரை திறக்கக் கூடாது. சாயங்காலம் டீக்கடையில் திறந்து எண்ணினால் மறுநாள் ஊர் முழுக்கச் செய்தி பரவிவிடும்.

பட்டியல் முறை. ஒரு குழுவுக்கு நான்கு சாதாரண வாக்கியங்கள், இன்னொரு குழுவுக்கு அதே நான்கோடு சங்கடமான ஒன்று. எது எது பொருந்தும் என்று சொல்ல வேண்டாம், எத்தனை பொருந்தும் என்று எண்ணிக்கை மட்டும் சொன்னால் போதும். இரண்டு குழுவின் சராசரி வித்தியாசமே சங்கடமான வாக்கியத்துக்கு உண்மையில் "ஆமாம்" சொல்பவர்களின் விகிதம்.

நான்கு வாக்கியங்களைத் தேர்வதில்தான் வேலை இருக்கிறது. எல்லாமே பொருந்திவிட்டால் எண்ணிக்கை ஐந்தாகி ரகசியம் உடையும், எதுவுமே பொருந்தாவிட்டாலும் அப்படித்தான். கடந்த ஒரு மாதத்தில் ரேஷன் கடைக்குப் போனது என்பதில் கிட்டத்தட்ட எல்லாரும் வருவார்கள், ஒகேனக்கலில் குளித்தது என்பதில் சிலரே வருவார்கள். மீதி இரண்டையும் ஒன்று பொருந்தினால் மற்றது பொருந்தாதபடி போடுங்கள்: "சொந்த நிலத்துல மட்டும் வேலை செஞ்சேன்", "கூலி வேலைக்குப் போனேன்". இப்படிச் செய்தால் எண்ணிக்கை இரண்டைச் சுற்றியே நிற்கும், ஏற்ற இறக்கம் குறையும், குறைந்த ஆட்களிலேயே கணக்கு தெளியும். பட்டியல் நீளமானாலே சிலர் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வார்கள். அதைச் சமன்செய்ய நான்கு வாக்கியக் குழுவுக்கும் யாருக்கும் பொருந்தாத ஐந்தாவது ஒன்றைச் சேர்க்கலாம்: "போன மாசம் பிளேன்ல டெல்லி போயிட்டு வந்தேன்".

விரல் விட்டு எண்ண விடாதீர்கள், எந்த வாக்கியத்துக்கு விரல் மடங்கியது என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும். ஐந்து புளியங்கொட்டையைக் கொடுத்து, கையை முந்தானைக்குள்ளோ முதுகுக்குப் பின்னாலோ வைத்துக்கொண்டு, பொருந்தும்போதெல்லாம் ஒன்றை அடுத்த கைக்கு மாற்றச் சொல்லுங்கள். கடைசியில் மாற்றியது எத்தனை என்று மட்டும் கேளுங்கள்.

பகடை முறை. வார்னர் 1965-இல் தொடங்கிவைத்த வழியின் எளிய வடிவம் இது. பேன்சி ஸ்டோரில் கிடைக்கும் லூடோ பகடையை ஒரு மூடிய டப்பாவில் போட்டுக் கொடுங்கள். 1 விழுந்தால் "ஆமா" என்றும், 6 விழுந்தால் "இல்ல" என்றும் சொல்ல வேண்டும், மற்ற எண்ணுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். என்ன விழுந்தது என்று உங்களுக்குத் தெரியாது. வந்த "ஆமா" விகிதத்திலிருந்து ஆறில் ஒரு பங்கைக் கழித்து, மூன்றில் இரண்டால் வகுத்தால் உண்மை விகிதம் வரும். 30 சதவீதம் "ஆமா" என்றால் உண்மை 20 சதவீதம்.

தாளில் அழகாக இருக்கும் இந்த முறை வாசலில் திணறுவது ஒரே காரணத்தால்: செய்யாத ஒன்றைப் பகடை சொன்னதற்காக "ஆமா" என்று சொல்ல மனசு வராது. முக்கியமாகப் பெண்கள், "அந்தப் பழக்கமெல்லாம் எங்க வூட்டுல இல்லைங்க" என்று பகடையை மீறிவிடுவார்கள். எத்தனை பேர் மீறினார்கள் என்று எண்ணவும் முடியாது. ஆகவே முதலில் "இன்னைக்குக் காபி குடிச்சீங்களா?" என்று மூன்று முறை விளையாடிப் பழக்காமல் உண்மைக் கேள்விக்குப் போகாதீர்கள்.

இதற்கு மாற்றாக 2008-இல் யூ, டியான், டாங் மூவரும் கொடுத்த குறுக்கு முறையில் "ஆமா" என்று வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம். சங்கடமான கேள்வியோடு சங்கடமில்லாத ஒன்றையும் சேர்த்துக் கேட்பார்கள், இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றேதானா, வேறுவேறா என்று மட்டும் சொன்னால் போதும். சங்கடமில்லாத கேள்வியாக "உங்க அம்மா ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள்ள பிறந்தவங்களா?" என்பதையே எல்லாரும் நகலெடுக்கிறார்கள். இங்கே அது வேலை செய்யாது. அம்மாவின் பிறந்த மாதம் பலருக்குத் தெரியாது. சான்றிதழில் இருக்கும் தேதியோ பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது, மே, ஜூனில் வந்து குவியும். நான்கில் ஒன்று என்ற கணக்கே தப்பாகிவிடும். அதற்குப் பதில் துணிப்பையில் மூன்று வெள்ளை மணியும் ஒரு சிவப்பு மணியும் போட்டு, ஒன்றை எடுத்துத் தானே பார்த்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள். "சிவப்பு வந்ததா?" என்பதே சங்கடமில்லாத கேள்வி. கணக்கு: 0.75-இலிருந்து "ஒன்றேதான்" விகிதத்தைக் கழித்து 0.5-ஆல் வகுக்க வேண்டும். 65 சதவீதம் பேர் ஒன்றேதான் என்றால் உண்மை 20 சதவீதம்.

குறுக்கு முறையில் எண் பெரும்பாலும் கூடுதலாக வரும். அதைப் பார்த்துப் பூரித்துவிடாதீர்கள். யாரிடமும் இருக்க வாய்ப்பில்லாத ஒன்றைக் கேட்டாலும் இந்த முறை சிலரைச் செய்ததாகக் காட்டுகிறது என்று ஹோக்லிங்கர், டீக்மன் இருவரும் 2017-இல் நிரூபித்தார்கள். கேள்வி புரியாமல் ஏனோதானோவென்று சொல்பவர்கள் எண்ணை 50 சதவீதத்தை நோக்கி இழுப்பார்கள். யாருக்கும் பொருந்தாத கேள்வி ஒன்றை இதே முறையில் சேர்த்துக் கேளுங்கள். அதற்குப் பூஜ்யம் வராவிட்டால் மற்ற எண்ணையும் நம்பாதீர்கள்.

நேரில் சரிபார்த்தல். முடிந்த இடத்தில் இதை விஞ்ச எதுவுமில்லை. டாய்லெட் என்றால் தண்ணீர் வாளி, பாதை, உள்ளே என்ன அடுக்கியிருக்கிறது என்று அனுமதி கேட்டுப் பார்த்துக் குறிக்கலாம். தேர்தல் முடிந்து முதல் சில நாட்களில் ஓட்டு போட்டீர்களா என்று கேட்டால் இடதுகை ஆள்காட்டி விரல் மை பதில் சொல்லிவிடும். குடும்ப வன்முறைக்கும் சாதிக் கேள்விக்கும் இப்படி எதுவும் கிடையாது.

3. எத்தனை பேர், எவ்வளவு பணம்

நேரடியாகக் கேட்டால் 12 சதவீதம், உண்மை 22 சதவீதம், அதாவது 10 புள்ளி சார்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க என்ன வேண்டும் என்று பாருங்கள். பெட்டி முறையில் குழுவுக்கு ஏறக்குறைய 220 பேர். பதில் தராதவர்களையும் சேர்த்து 250 என்று வைத்தால் மொத்தம் 500. பகடை முறையில் நேரடிக் குழுவுக்கும் பகடைக் குழுவுக்கும் தலா 460. பட்டியல் முறையில் எண்ணிக்கையின் திட்டவிலக்கம் (ஆளுக்கு ஆள் எண்ணிக்கை எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) 1 என்று கொண்டால் குழுவுக்கு 1,600, மொத்தம் 3,200.

வீட்டுக்கு வீடு நடக்கும் ஒரு களப்பணியாளர் நாளுக்கு ஏழு நேர்காணல் முடிப்பார், கூலி நாளுக்கு 800 ரூபாய் என்று வைத்துப் பெருக்குங்கள். 500 பேருக்கு 71 ஆள்நாள், சுமார் 57,000 ரூபாய். 3,200 பேருக்கு 457 ஆள்நாள், சுமார் 3,66,000 ரூபாய். பஸ், பெட்ரோல், சாப்பாடு, ஜெராக்ஸ், மேற்பார்வையாளர் கூலி தனி. ஒற்றை மாணவர் கைக்காசில் 300 பேரை வைத்துப் பட்டியல் முறை செய்தால் குழுவுக்கு 150. அதன் பிழை எல்லை கூட்டியும் குறைத்தும் 22 புள்ளிக்கு மேல். அந்த முடிவை வைத்து எதையும் சொல்ல முடியாது. கையில் ஐந்நூறு பேருக்குத்தான் காசு என்றால் பெட்டிதான், வேறு யோசனை வேண்டாம்.

குழு பிரிப்பதை ஊருக்குள்ளேயே செய்யுங்கள். மொரப்பூர் ஊர்களுக்கு நேரடிக் கேள்வி, தளி ஊர்களுக்குப் பெட்டி என்று பிரித்தால் நீங்கள் அளப்பது இரண்டு வட்டாரத்தின் வித்தியாசம். கைபேசியில் பாரம் நிரப்பும் கோபோ டூல்பாக்ஸ் அல்லது ஓடிகே பயன்படுத்துபவர்கள் குலுக்கல் எண்ணை ஒருமுறை மட்டும் உருவாகும்படி அமைக்க வேண்டும். மறந்தால் சேமித்த பாரத்தை மறுபடி திறக்கும்போது குழு மாறிவிடும், தரவு முழுக்கக் குழம்பிவிடும்.

4. காகிதங்கள்

நீங்கள் படிக்கும் நிறுவனத்தின் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் முதல் தேவை. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறையைத்தான் மருத்துவம் சார்ந்த கமிட்டிகள் கையில் வைத்துக்கொண்டு கேட்கும். கொடுக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், எல்லா மொழியிலும் கேள்வித்தாள், தகவல் தாள், ஒப்புதல் படிவம், பதில் சொல்பவர் மனம் உடைந்தால் என்ன செய்வீர்கள் என்ற நடைமுறை, தரவை எங்கே, எத்தனை நாள் வைப்பீர்கள் என்பது. கமிட்டி தினமும் கூடுவதில்லை, திருத்தம் கேட்டால் அடுத்த கூட்டம்வரை நிற்க வேண்டியதுதான். இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

ஒப்புதல் படிவத்தில் பெயரும் கையெழுத்தும் வாங்கிவிட்டு, "உங்க பதில் யாருக்கும் தெரியாது" என்று சொன்னால் யார் நம்புவார்? அதுவும் வாரத் தவணைக்காரர்கள் பாரத்தில் கையெழுத்து வாங்கிப் பழகிய ஊர்களில் பேனாவை நீட்டினாலே கதவு சாத்தும். சாட்சியோடு வாய்மொழி ஒப்புதல் போதுமா என்று விண்ணப்பத்திலேயே தனியாகக் கேட்டுவிடுங்கள். கையெழுத்துதான் வேண்டும் என்றால் அந்தத் தாளில் நேர்காணல் எண் இருக்கக் கூடாது.

சிறுவயதுக் கல்யாணம் பற்றிக் கேட்பவர்கள் இதை இரண்டுமுறை படிக்கவும். போக்சோ சட்டம் 2012-இன் 19-ஆம் பிரிவுப்படி, குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் தெரிவிக்க வேண்டியது ஒவ்வொருவரின் கடமை. தெரிவிக்காததும் குற்றம். 17 வயதுக் கர்ப்பிணியிடம் நேரடியாகக் கேட்டுப் பதில் வாங்கிவிட்டால், ரகசியம் என்று கொடுத்த வாக்கும் சட்டமும் மோதும். தேசியக் குடும்பநல ஆய்வு செய்வதுபோல் 20 முதல் 24 வயதுப் பெண்களிடம் அவர்கள் கல்யாண வயதைக் கேளுங்கள். எந்த இடத்தில் ரகசியம் காக்க முடியாது என்பதைத் தகவல் தாளில் எழுதுங்கள். தெரிவிக்கும் நடைமுறையைக் கமிட்டியிடம் எழுத்தில் வாங்குங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098 ஒவ்வொரு களப்பணியாளர் பையிலும் இருக்கட்டும்.

கலெக்டர் அலுவலகத்துக்கும், ஊராட்சி அலுவலகத்துக்கும், அந்தப் பகுதி காவல் நிலையத்துக்கும் துறைத் தலைவர் கையெழுத்தோடு தகவல் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வையுங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் யாரையும் பார்க்க முடியாது. பள்ளி வழியாகப் போவதென்றால் முதன்மைக் கல்வி அலுவலரிடமும், அங்கன்வாடி வழியாக என்றால் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்திலும் தனி அனுமதி. அதில் ஒரு ஆபத்து உண்டு. அங்கன்வாடி டீச்சரோ வி.ஏ.ஓ.வோ கூடவே வந்து வீடு காட்டினால் அன்றைய பதில் எல்லாம் சர்க்காருக்குச் சொன்ன பதிலாகிவிடும். வழிகாட்டிவிட்டு அவர்கள் தெருமுனையிலேயே நின்றுகொள்ளட்டும்.

5. கேள்வியின் சொற்கள்

எதிர்மறை வாக்கியத்தைத் தவிருங்கள். "நான் யாரையும் திட்டியதில்லை, சரியா தவறா?" என்றால் "ஆமா, இல்லை" என்று பதில் வரும். அதைச் சரி என்று குறிப்பதா, தவறு என்று குறிப்பதா? "திட்டியிருக்கேன்" என்று நேராக்கிவிட்டு மதிப்பெண்ணைத் திருப்பிப் போடுங்கள்.

தளி, கெலமங்கலம், ஓசூர், சூளகிரி பக்கம் போனால் கன்னடமும் தெலுங்கும் வீட்டுப் பேச்சு. தமிழ்த் தாளை மட்டும் கொடுத்தனுப்பினால் களப்பணியாளர் நின்ற இடத்தில் தானே மொழிபெயர்ப்பார், ஆளுக்கு ஒரு விதமாக. சங்கடமான கேள்வியில் ஒரு சொல் தணிந்தாலும் பதில் மாறும். மூன்று மொழியிலும் அச்சடியுங்கள். மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு திரும்பத் தமிழாக்கி ஒப்பிடுங்கள்.

"ஊர்ல சில பேர் தண்ணி பத்தாததால வெளியே போறாங்க. உங்க வீட்ல எப்படி?" என்று முன்னுரை கொடுத்தால் உண்மை கொஞ்சம் எளிதாக வரும். ஆனால் அந்த முன்னுரை இரண்டு குழுவிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வித்தியாசத்துக்குக் காரணம் பெட்டியா முன்னுரையா என்று சொல்ல முடியாது.

6. களப்பணியாளர்கள்

பெண்களிடம் பெண்கள். இது பேச்சுக்கே இடமில்லாதது. உள்ளூர்க்காரரா வெளியூர்க்காரரா என்றால், பேச்சு வழக்கு தெரிந்த பக்கத்து ஒன்றியத்துக்காரர் நல்லது. சொந்த ஊர்க்காரரிடம் யாரும் வீட்டு விஷயம் சொல்ல மாட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டே சாதியைக் கணிப்பது இங்கே வழக்கம். ஆகவே சாதி சம்பந்தப்பட்ட கேள்வி இருந்தால், எந்தக் களப்பணியாளர் ஊருக்குள், எவர் காலனிக்குள் என்று நீங்களாக ஒதுக்காமல் குலுக்கலில் ஒதுக்குங்கள். களப்பணியாளர் எண்ணைத் தரவில் வையுங்கள். ஒரே ஆளுக்கு மட்டும் எல்லாரும் "நல்லவர்களாக" இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

இரண்டு முழு நாள் பயிற்சி. அதில் பாதி நேரம் சொல்லித்தர வேண்டியது சும்மா இருப்பதை. பட்டியல் முறையில் "மூணு" என்று பதில் வந்ததும் அக்கறையுள்ள களப்பணியாளர் "எந்த மூணு?" என்று கேட்டுவிடுவார். அந்த ஒரு கேள்வியில் முறையே செத்தது. "நீங்களே ஏதாவது போட்டுக்குங்க" என்று சொல்பவரிடம் தானே நிரப்பிக்கொள்வதும் நடக்கும். பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் மறுபடி போய், சங்கடமில்லாத இரண்டு கேள்வியை மட்டும் திரும்பக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

கூட யார் இருந்தார்கள் என்று ஒரு கட்டம் கட்டாயம்: மாமியார், கணவர், குழந்தை, பக்கத்து வீட்டார். தனியாகப் பேசவே முடியாத வீட்டில் சங்கடமான கேள்வியை விட்டுவிட்டு, விட்டதாகக் குறியுங்கள். வன்முறை பற்றிய கேள்வியைப் பிறர் முன்னால் கேட்பது அந்தப் பெண்ணுக்கு ஆபத்து.

7. முன்னோட்டமும் காலமும்

ஆய்வு ஊர்களில் இல்லாத வேறொரு ஊரில் 40 பேர் போதும். பார்க்க வேண்டியது: பகடை, கொட்டை, பெட்டி விதி எத்தனாவது விளக்கத்தில் புரிகிறது, பட்டியலில் பூஜ்யமும், எல்லாமே பொருந்தும் என்ற பதிலும் எத்தனை வருகிறது, ஒரு நேர்காணல் எத்தனை நிமிடம். எல்லாமே பொருந்தும் என்ற பதில் பத்தில் ஒருவருக்கு மேல் வந்தால் வாக்கியத்தை மாற்றுங்கள்.

கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழ சீசனில் தோப்பிலும் கூழ் ஆலையிலும் ஆள் இருப்பார்கள், வீட்டில் இருக்க மாட்டார்கள். பென்னாகரம், அரூர் பக்கத்து ஆண்கள் பலர் பெங்களூருக்கும் ஓசூருக்கும் கட்டட வேலைக்குப் போயிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வீட்டில் கிடைப்பது பெரியவர்கள்தான். குடி பற்றிய சர்வேயை வார நாளில் எடுத்தால் குடிக்காதவர்களை மட்டும் எண்ணிவிட்டு வருவீர்கள். அது ஏற்புச் சார்பு அல்ல, ஆனால் முடிவில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆடிப் பதினெட்டு வாரத்தை விட்டுவிடுங்கள். தேர்தல் அறிவித்த பிறகும் போகாதீர்கள், பாரத்தோடு வரும் எல்லாரும் கட்சிக்காரர்களாகத் தெரிவார்கள்.

மொத்தமாக எத்திக்ஸ் இரண்டு மாதம், மொழிபெயர்ப்பும் முன்னோட்டமும் ஒரு மாதம், நான்கு பேர் குழுவோடு 500 நேர்காணலுக்கு 18 வேலை நாள், கணக்குக்கு மூன்று வாரம். ஐந்து மாதத்துக்குக் குறைவாகக் கால அட்டவணை போட்டால் எங்கோ எதையோ விட்டிருக்கிறீர்கள்.

8. கணக்கும் எழுதுவதும்

முதலில் இரண்டு குழுவும் வயது, படிப்பு, நிலம், கூட இருந்தவர் ஆகியவற்றில் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வித்தியாசத்தைப் பிழை எல்லையோடு எழுதுங்கள். உதாரணத்துக்கு, பட்டியல் முறையில் நான்கு வாக்கியக் குழுவின் சராசரி 1.82, ஐந்து வாக்கியக் குழுவின் சராசரி 2.11 என்றால் உண்மை விகிதம் 29 சதவீதம். நேரடியாகக் கேட்டபோது 12 சதவீதம் என்றால் சார்பு 17 புள்ளி. நேரடிக் கேள்வியை நான்கு வாக்கியக் குழுவிடம், பட்டியல் முடிந்த பிறகு மட்டும் கேளுங்கள். ஐந்து வாக்கியக் குழுவிடம் கேட்டால் இப்போதுதான் மறைத்துச் சொன்னதை வெளிப்படையாகச் சொல்லச் சொல்வதாகிவிடும்.

பட்டியல் முறையில் ஒரு சோதனை உண்டு. எக்செல்லிலேயே செய்யலாம். "இத்தனையோ அதற்குக் கீழோ" சொன்னவர்களின் விகிதத்தை இரண்டு குழுவுக்கும் அடுக்குங்கள். எந்த எண்ணிலும் ஐந்து வாக்கியக் குழுவின் விகிதம் மற்றதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சங்கடமான வாக்கியத்தைக் கேட்டதும் மற்ற நான்குக்கும் பதிலை மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஆர் மென்பொருளில் லிஸ்ட் என்ற தொகுப்பு இதைப் புள்ளியியல் சோதனையாகவே செய்து தரும். பகடைக்கு ஆர்ஆர் தொகுப்பு. இரண்டும் இலவசம்.

உங்கள் எண்ணைத் தேசியக் குடும்பநல ஆய்வு ஐந்தின் மாவட்டத் தாளோடு ஒப்பிடலாம். 2019-21 சுற்றில் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தனித்தனியாக உண்டு. ஒப்பிட வேண்டியது உங்கள் நேரடிக் குழுவின் எண்ணை. கல்யாண வயதை அவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து கேட்டுத்தான் வாங்குகிறார்கள். பெட்டியில் வந்த எண்ணை அதோடு வைத்து "கூடிவிட்டது" என்று எழுதினால் நாளிதழ்க்காரர் தலைப்பாக்கிவிடுவார், நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

வித்தியாசம் பூஜ்யத்தைச் சுற்றி வந்தால் அதையும் எழுதுங்கள், கூடவே பிழை எல்லையைப் போடுங்கள். "சார்பு இல்லை" என்பதும் "சார்பைக் காணும் அளவுக்கு ஆள் போதவில்லை" என்பதும் வேறுவேறு. எந்த முறையும் யார் பொய் சொன்னார் என்று ஆளைக் காட்டாது, குழுவின் விகிதத்தை மட்டுமே காட்டும். ஊர்ப் பெயரைப் போட்டு அட்டவணை வெளியிடாதீர்கள், முப்பது வீட்டுக் குக்கிராமத்தில் விகிதமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். ஒன்றிய அளவில் நிறுத்துங்கள். பெட்டிச் சீட்டுகளை எண்ணி, இரண்டாமவர் ஒருவர் மறுபடி எண்ணிக் கையெழுத்திட்ட பிறகு, கமிட்டியிடம் சொன்ன தேதிவரை பூட்டி வைத்து, அதன் பின் அழித்துவிடுங்கள். வீடு தேடிப் போக எழுதி வைத்த பெயர்ப் பட்டியலை மறுசரிபார்ப்பு முடிந்த அன்றே அழித்துவிடலாம், களப்பணியாளர்களின் கைபேசியில் இருக்கும் புகைப்பட நகல்களோடு சேர்த்து.